நுண்ணுலகின் கதை – 19: பழுதுகள் சொன்ன பாடம்

சென்ற வாரம் ஒரு மிக்ஸியின் அருகில் நின்றோம். 1952இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஆல்ஃபிரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் வைரஸ் தொற்றிய பாக்டீரியாக்களை அந்த மிக்ஸியில் போட்டுச் சுழற்றினார்கள். வெளியே ஒட்டிக்கொண்டிருந்த புரதக் கூடுகள் உதிர்ந்தன. ஆனாலும் பாக்டீரியாக்களுக்குள் புதிய வைரஸ்கள் வழக்கம்போலப் பிறந்தன. பரம்பரைச் செய்தியைச் சுமப்பது உள்ளே புகுந்த டிஎன்ஏதான் என்று அறிவியல் உலகம் நம்பத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

அந்தச் சோதனை ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, அதைவிடக் கடினமான இன்னொன்றை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே போவது ஒரு நூல். அரை மணி நேரத்தில் பாக்டீரியா வெடிக்கிறது. தலை, வால், கால்கள் எல்லாம் பொருந்திய நூறு, இருநூறு வைரஸ்கள் வெளியே கொட்டுகின்றன. அந்த அரை மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? இத்தனை உடல்களையும் கட்டுவது யார்?

பாக்டீரியாவைத் தாக்கும் இந்த வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர் வந்த கதையை முன்பே பார்த்தோம். ஆளுக்கொரு ஃபேஜை வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் ஒருவர் முடிவை இன்னொருவர் முடிவோடு ஒப்பிட முடியாது. எனவே எல்லோரும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் ஏழு ஃபேஜ்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று 1944இல் மாக்ஸ் டெல்புரூக் தம் கூட்டத்தாரைக் கேட்டுக்கொண்டார். டி1 முதல் டி7 வரை அவற்றுக்குப் பெயர். இந்த வாரக் கதையின் நாயகன் அவற்றில் நான்காமவன், டி4.

வெறுமையான பத்து நிமிடங்கள்

முதல் துப்பு 1940களின் இறுதியில் கிடைத்தது. ஆகஸ்ட் டோர்மன் என்ற ஆய்வாளர், தொற்று நடந்த பாக்டீரியாக்கள் தாமாக வெடிக்கும்வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் கொஞ்சத்தை எடுத்து உடைத்து, உள்ளே எத்தனை ஃபேஜ்கள் இருக்கின்றன என்று எண்ணினார். முதல் பத்து நிமிடங்களுக்கு ஒன்றுகூட இல்லை. உள்ளே புகுந்த ஃபேஜும் காணாமல் போயிருந்தது. அதன் பிறகு ஒன்று, சில, பல என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

இதை நாம் நின்று யோசிக்க வேண்டும். பாக்டீரியா பெருகும்போது ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. எந்தக் கணத்தில் உடைத்துப் பார்த்தாலும் உயிருள்ள முழு உடல் ஒன்றாவது இருக்கும். ஃபேஜ் அப்படிப் பெருகுவதில்லை. அது முதலில் முற்றிலும் கலைந்துவிடுகிறது. பிறகு பாகம் பாகமாகத் தயாராகி, கடைசியில் கோக்கப்படுகிறது. செடியோ குட்டியோ வளர்வதைப் போன்றது அன்று இது. பட்டறையில் வண்டி தயாராவதைப் போன்றது.

காய்ந்ததால் வந்த குழப்பம்

பட்டறையைப் புரிந்துகொள்ள முதலில் வண்டியைப் பார்த்தாக வேண்டும். டி4இன் மொத்த நீளம் ஏறத்தாழ 200 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் முந்நூறு, நானூறு ஃபேஜ்களை வரிசையாகப் படுக்கவைக்கலாம். சாதாரண நுண்ணோக்கிக்கு இது எட்டாது. பெர்லினில் ஹெல்முட் ருஸ்கா 1940இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஃபேஜ்களைப் படம் பிடித்தார். 1942இல் அமெரிக்காவில் சால்வடோர் லூரியாவும் தாமஸ் ஆண்டர்சனும் இன்னும் தெளிவான படங்களை எடுத்தார்கள். தலைப்பிரட்டை போல ஒரு தலை, ஒரு வால்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வெற்றிடம் இருப்பதால் பொருளை உலர்த்தித்தான் வைக்க வேண்டும். நீர் வற்றும்போது அதன் பரப்பு இழுவிசை எல்லாவற்றையும் அழுத்தித் தட்டையாக்கிவிடும். ஃபேஜ் பாக்டீரியாவில் தலையால் ஒட்டுகிறதா, வாலால் ஒட்டுகிறதா என்பதுகூட அந்தப் படங்களில் புலப்படவில்லை. ஆண்டர்சன் பொறுமையாக ஒரு வழி கண்டார். நீரைப் படிப்படியாக அகற்றி, அதன் இடத்தில் திரவ கார்பன் டை ஆக்சைடை ஏற்றி, சூடும் அழுத்தமும் கூட்டி, திரவப் பரப்பே இல்லாதபடி அதை வாயுவாக வெளியேற்றினார். இப்போது ஃபேஜ்கள் நசுங்காமல் நின்றன. ஒவ்வொன்றும் வால் நுனியால் பாக்டீரியாவைப் பற்றிக்கொண்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

1959இல் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹார்னும் மற்றொரு எளிய உத்தியை முறைப்படுத்தினார்கள். பொருளை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள இடத்தை டங்ஸ்டன் உப்பால் கறுப்பாக்கினார்கள். கரும்பலகையில் வெள்ளைக் கோடு தெரிவதைப் போல ஃபேஜின் ஒவ்வொரு பாகமும் துலங்கியது.

அப்படித் தெரிந்த உருவம் இது. மேலே, பட்டை தீட்டிய கல்லைப் போன்ற நீள்தலை. உயரம் 120 நானோமீட்டர், அகலம் 86. கீழே கழுத்து. அதன் கீழே நேரான வால்; உள்ளே ஒரு விறைப்பான குழல், வெளியே சுருங்கும் தன்மையுள்ள உறை. வாலின் அடியில் ஆறு மூலைகள் கொண்ட அடித்தட்டு. அதிலிருந்து சிலந்திக்கால்களைப் போல ஆறு நீண்ட இழைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முழங்கால் மடிப்பு. கால்கள் பாக்டீரியாவைத் தொட்டு அடையாளம் கண்டதும் அடித்தட்டு விரிகிறது. உறை பாதி நீளத்துக்கும் கீழே சுருங்குகிறது. உள்குழல் பாக்டீரியாவின் சுவரைத் துளைத்து இறங்குகிறது. தலையிலிருக்கும் டிஎன்ஏ அதன் வழியே உள்ளே பாய்கிறது.

அம்மாவின் பெயர்

உருவம் தெரிந்தது. கட்டும் முறை தெரியவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலையை, அதுவும் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும் இடத்தில், எப்படிப் பின்தொடர்வது? கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில், கால்டெக் ஆய்வகத்தில் இருந்தவர்கள் தலைகீழாக யோசித்தார்கள். ஒரு மரபணுவைப் பழுதாக்கி, வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்போம் என்றார்கள்.

அதில் ஒரு சிக்கல். அத்தியாவசியமான மரபணு பழுதானால் ஃபேஜுக்கு வாரிசே இருக்காது. செத்துப்போனதை எங்கே வைத்து ஆராய்வது? ஓரிடத்தில் வாழவும் இன்னோர் இடத்தில் சாகவும் கூடிய பழுதுகள் வேண்டும். ராபர்ட் எட்கர் அவற்றை வெப்பத்தின் வழியே தேடினார்: 25 டிகிரியில் பெருகி, 42 டிகிரியில் முடங்கும் ஃபேஜ்கள். ரிச்சர்ட் எப்ஸ்டீனும் சார்லஸ் ஸ்டீன்பெர்கும் வேறு வழியில் தேடினார்கள்: ஒரு வகை ஈ.கோலையில் பெருகி, இன்னொரு வகையில் பெருகாத ஃபேஜ்கள்.

அந்தத் தேடல் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வட்டத் தட்டில் அகார் கூழ். அதன்மேல் பாக்டீரியா வளர்ந்து பால் படர்ந்தது போல ஒரு மங்கலான பரப்பு. ஒரு ஃபேஜ் விழுந்த இடத்தில் பாக்டீரியாக்கள் அழிந்து, ஊசி முனையளவில் தொடங்கித் தெளிவான ஒரு வட்டம் உண்டாகும். அந்த வட்டத்தைக் குச்சியால் தொட்டு, இரண்டு வகை பாக்டீரியாத் தட்டுகளிலும் ஒற்ற வேண்டும். இரண்டிலும் வட்டம் வந்தால் நல்ல ஃபேஜ், பயனில்லை. ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் தேடியது கிடைத்தது. இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தொட்டு ஒற்ற வேண்டும்.

துணைக்கு ஹாரிஸ் பெர்ன்ஸ்டீன் என்ற ஆராய்ச்சி மாணவரை அழைத்தார்கள். தேடுவது கிடைத்தால் உன் அம்மாவின் பெயரையே அதற்கு வைக்கிறோம் என்று ஆசை காட்டினார்கள். கிடைத்தது. பெர்ன்ஸ்டீன் என்ற ஜெர்மன் சொல்லுக்கு ஆம்பர் கல் என்று பொருள். அந்தப் பழுதுகள் ஆம்பர் பழுதுகள் ஆயின. புரதம் கட்டும் வேலை பாதியில் நின்றுவிடச் செய்யும் நிறுத்தற்குறி அது என்று பின்னால் தெரிந்தது. இன்று மரபியல் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் அந்தப் பெயரைப் படிக்கிறார்.

எப்ஸ்டீன் ஜெனீவாவுக்குப் போனார். அங்கே எட்வர்ட் கெல்லன்பெர்கரின் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், பழுதான ஃபேஜ் தொற்றிய பாக்டீரியாக்களை உடைத்துப் பார்த்தார்கள். 23ஆம் மரபணு பழுதானால் வால்கள் குவிந்துகிடந்தன, தலை ஒன்றுகூட இல்லை. 27ஆம் மரபணு பழுதானால் தலைகள் நிறைந்திருந்தன, வால் இல்லை. 20ஆம் மரபணு பழுதானால் தலைக்குப் பதிலாக நீண்டு நீண்டு போகும் குழாய்கள். 37ஆம் மரபணு பழுதானால் எல்லாம் சரியாக இருந்தும் கால்கள் இல்லாத உடல்கள். 1963இல் கால்டெக், ஜெனீவா இரு குழுக்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, இந்தப் பட்டறைக்குள் திறந்த முதல் சன்னல்.

இதே 23ஆம் மரபணுவோடு இந்தியர் ஒருவரின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அகமதாபாத் சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த ஆனந்த் சாராபாய் அப்போது கேம்பிரிட்ஜில் பிரென்னரோடு வேலை பார்த்தார். தலைப் புரதத்தின் மரபணுவில் வெவ்வேறு இடங்களில் ஆம்பர் பழுது உள்ள ஃபேஜ்களை எடுத்துக்கொண்டார்கள். பழுது மரபணுவின் தொடக்கத்துக்கு அருகில் இருந்தால் குட்டையான புரதத் துண்டு, தள்ளி இருந்தால் நீளமான துண்டு. மரபணுவின் எழுத்து வரிசையும் புரதத்தின் வரிசையும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துகின்றன என்று 1964இல் அவர்கள் காட்டினார்கள். உயிரியலின் அடிப்படை விதிகளில் ஒன்று, கட்டி முடிக்கப்படாத ஃபேஜ் தலைகளிலிருந்து வந்தது.

இரண்டு பழுது சேர்ந்தால்

1965இல் வில்லியம் வுட் என்ற உயிர்வேதியியலாளர் கால்டெக்குக்கு வந்து எட்கரோடு சேர்ந்தார். இருவரும் செய்த சோதனையை ஒரு பள்ளி மாணவருக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்கலாம்.

ஒரு குடுவையில் 23ஆம் மரபணு பழுதான ஃபேஜ். அது தொற்றிய பாக்டீரியாக்களை உடைத்தெடுத்த சாற்றில் வாலும் காலும் உண்டு, தலை இல்லை. இன்னொன்றில் 27ஆம் மரபணு பழுதான ஃபேஜ். தலையும் காலும் உண்டு, வால் இல்லை. இரண்டு சாறுகளிலும் உயிருள்ள பாக்டீரியா இல்லை. தனித்தனியாகத் தட்டில் ஊற்றினால் தெளிந்த வட்டங்கள் அநேகமாக வருவதே இல்லை. இரண்டையும் ஒரே சோதனைக் குழாயில் கலந்து மிதமான சூட்டில் வைத்தார்கள். நேரம் செல்லச் செல்ல, தட்டில் வட்டங்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. கண்ணாடிக் குழாய்க்குள், உயிருள்ள எதன் உதவியும் இல்லாமல், ஒன்றின் தலை மற்றதன் வாலோடு சேர்ந்து முழு ஃபேஜ் ஆகிவிட்டது. அப்படிப் பிறந்த ஃபேஜுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் தலைக்குள் இருந்த டிஎன்ஏவில் 27ஆம் மரபணு பழுதாகவே இருந்தது. தலை யாருடையதோ, பரம்பரையும் அவருடையது.

1966இல் வெளிவந்த இந்தச் சோதனையை டஜன் கணக்கான பழுதுகளோடு திரும்பத் திரும்பச் செய்தார்கள். எந்த இரண்டு சாறு கலந்தால் ஃபேஜ் பிறக்கிறது, எந்த இரண்டு கலந்தால் பிறப்பதில்லை என்ற அட்டவணையிலிருந்து கட்டுமான வரைபடம் முழுவதும் எழுந்தது. தலை, வால், கால் என மூன்று தனித்தனி வரிசைகளில் வேலை நடக்கிறது. முடிந்த தலையும் முடிந்த வாலும் முதலில் சேர்கின்றன. கால்கள் கடைசியில். தனி வாலிடம் கால் எவ்வளவு நெருங்கி வந்தாலும் ஒட்டுவதில்லை. தலையும் வாலும் கூடிய பிறகுதான் ஒட்டும்.

மேஸ்திரி இல்லாத பட்டறை

வாலின் கட்டுமானத்தை ஜொனாதன் கிங் 1968இல் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். அடித்தட்டு ஆறு ஆப்புகளால் ஆனது. ஒவ்வோர் ஆப்பிலும் ஏழு வகைப் புரதங்கள், ஒரே வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சேர வேண்டும். நடுவில் ஒரு குடம். வண்டிச் சக்கரத்தின் குடத்தைப் போல. ஆறு ஆப்புகளும் குடத்தைச் சூழ்ந்து பூட்டிக்கொண்டதும் அடித்தட்டு தயார். அதன்மேல் 19ஆம் மரபணுவின் புரதம் அடுக்கடுக்காக ஏறிக் குழல் ஆகிறது. குழலைச் சுற்றி 18ஆம் மரபணுவின் புரதம் உறையாகிறது: வளையத்துக்கு ஆறு, மொத்தம் 23 வளையங்கள், 138 புரதங்கள்.

அடித்தட்டு இல்லாத பாக்டீரியாவிலும் குழல் புரதமும் உறைப் புரதமும் ஏராளமாக மிதந்துகொண்டிருக்கும். ஆனால் அவை வாலாக எழுவதில்லை. அடித்தட்டு உருவானதும் அதே புரதங்கள் விறுவிறுவென்று அடுக்கிக்கொள்கின்றன. ஒரு புரதம் தன் இடத்தில் அமர்ந்தவுடன் அதன் வடிவம் சற்றே மாறுகிறது. அந்த மாற்றம்தான் அடுத்த புரதத்துக்கு இருக்கை. முதலாமவர் அமராமல் இரண்டாமவருக்கு நாற்காலியே கிடையாது. வரிசையைச் சொல்லித் தர மேஸ்திரி தேவைப்படாததன் ரகசியம் இதுதான்.

குழல் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கும் ஏற்பாடு உண்டு. சுவர் கட்டும்போது நூல் பிடிப்பதைப் போல, 29ஆம் மரபணுவின் புரதம் குழலுக்குள் நீண்டு நிற்கிறது. அந்த நூல் முடியும் இடத்தில் குழலும் முடிகிறது.

தலைக்கு வேறு விதமான வேலை. பன்னிரண்டு புரதங்கள் கொண்ட ஒரு வளையத்தில் அது தொடங்குகிறது. உள்ளே 22ஆம் மரபணுவின் புரதம் முதலான சில புரதங்களால் சாரம் கட்டப்படுகிறது. அதைச் சுற்றி 23ஆம் மரபணுவின் புரதம் ஓடாக அமைகிறது. முடிந்த தலையில் அதன் எண்ணிக்கை 930. ஓடு முடிந்ததும் ஒரு நொதி வேலையைத் தொடங்கி, சாரத்தைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஓட்டின் புரதங்களிலும் ஒரு நுனி வெட்டப்படுகிறது. ஓடு விரிந்து இறுகுகிறது. இந்த வெட்டை 1970இல் கண்டுபிடித்தவர் உல்ரிச் லெம்லி. அதற்காக அவர் செம்மைப்படுத்திய, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் கூழ் முறை இன்று உலகில் உயிர்வேதியியல் நடக்கும் ஆய்வகங்களிலெல்லாம் அன்றாட வேலை. ஃபேஜ் தலையைப் புரிந்துகொள்ளத்தான் அது அந்த வடிவம் பெற்றது.

காலியான தலைக்குள் டிஎன்ஏவை ஏற்றுவது அடுத்த வேலை. நீட்டினால் தலையின் உயரத்தைப்போல் நானூறு மடங்குக்கும் மேல் நீளமான நூல் அது. வளையத்தின் வாயில் ஒரு புரத இயந்திரம் வந்து அமர்ந்து, நொடிக்கு 2,000 எழுத்துகள் வரை உள்ளே தள்ளுகிறது. தலை நிரம்பியதும் நூல் வெட்டப்படுகிறது, இயந்திரம் கழன்றுகொள்கிறது, கழுத்து மூடுகிறது.

செவிலி

எல்லாமே தானாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 31ஆம் மரபணு பழுதான ஃபேஜ்களில் தலைப் புரதம் தாராளமாகத் தயாராகியும் ஓடாகச் சேராமல் கட்டி கட்டியாக உறைந்து கிடந்தது. முடிந்த ஃபேஜில் அந்த 31ஆம் மரபணுவின் புரதம் எங்குமே இல்லை. 1972இல் காஸ்டா ஜார்ஜோபுலோஸும் வேறு சிலரும் இன்னொரு வியப்பைக் கண்டார்கள். ஃபேஜில் எந்தப் பழுதும் இல்லாமல், பாக்டீரியாவின் ஒரு மரபணு பழுதானாலும் அதே கட்டிகள் உண்டாயின.

அந்த பாக்டீரியா மரபணுவின் புரதம், புதிதாகப் பிறந்த புரதங்களைத் தன் குழிவுக்குள் வாங்கி, ஒழுங்காக மடிய இடம் கொடுக்கும் ஒரு பீப்பாய் என்று பின்னாளில் தெளிவாயிற்று. 31ஆம் மரபணுவின் புரதம் அந்தப் பீப்பாய்க்கு ஃபேஜ் கொண்டுவரும் மூடி. பிரசவம் பார்க்கும் செவிலியைப் போல உடனிருந்து உதவிவிட்டு விலகிக்கொள்கிறது. கட்டிய உடலில் தனக்கென்று ஒரு பங்கும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட செவிலிப் புரதங்கள் நம் உடலின் செல்களிலும் வேலை செய்கின்றன. அவற்றை நோக்கிய வழிகளில் ஒன்று, தலை கட்டத் தெரியாமல் நின்ற ஒரு ஃபேஜிடமிருந்து தொடங்கியது.

வரைபடத்திலிருந்து அணு வரை

பழுதுகள் தீட்டிக்கொடுத்த வரைபடத்தை இந்த நூற்றாண்டில் அணு அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மனின் குழுவும், டோக்கியோவில் ஃபுமியோ அரிசாகாவும், வாஷிங்டனில் இந்தியாவிலிருந்து சென்ற வெனிகல்லா ராவும் தலை, வால், டிஎன்ஏ ஏற்றும் இயந்திரம் ஆகியவற்றின் அமைப்பை ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். 2016இல் பீட்டர் லைமனின் குழு அடித்தட்டு முழுவதையும் அணு அணுவாகக் காட்டியது. ராவின் ஆய்வகம் இன்று டி4இன் தலையை மருந்துக்கான கூடையாக மாற்றி, தடுப்பூசிகளையும் மரபணுக்களையும் அதில் ஏற்றிப் பார்க்கிறது. உறுதியான முறையில் தானே கட்டிக்கொள்ளும் கூடை வேறு எங்கே கிடைக்கும்?

புதிய கருவிகள் எத்தனையோ நுணுக்கங்களைச் சேர்த்தன. ஆனால் மூன்று வரிசை, ஒன்று அமர்ந்தபின் அடுத்தது, கடைசியில் கால் என்று 1960களில் போட்ட கோடுகளை யாரும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோடுகளைப் போட்டுத் தந்தவை, தலையில்லாத வால்களும், வாலில்லாத தலைகளும், கால் முளைக்காத உடல்களும்தான். முழுமையான ஃபேஜ் தான் கட்டப்பட்ட தடயம் எதையும் வெளியே காட்டுவதில்லை. பாதியில் நின்றதுதான், எதற்குப் பிறகு எது என்பதைக் காட்டியது. அடுத்த முறை பாடநூலில் டி4இன் படத்தைப் பார்க்கும்போது, அந்த அழகான உருவத்துக்குப் பின்னால் பாசடீனாவின் தட்டுகளில் வட்டம் விழாமல் போன அந்த வெற்றிடங்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)